லண்டன் காஸ்ட்ரோபப்பில் சாப்பிடப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனுக்குப் படிக்கவும் வேலை பார்க்கவும் வந்த நண்பர்கள், அவர்களைப் பார்க்க ஊரிலிருந்து வரும் பெற்றோர்கள் எனப் பலர் பல ஆண்டுகளாக என்னிடம் கேட்ட கேள்விகளையும், நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். தெருமுனையில் விளக்கு எரிய நிற்கும் பப்பைத் தினமும் கடந்து போய்விட்டு, ஒருநாளும் உள்ளே நுழையாமலே ஊர் திரும்புகிறவர்கள் நம்மவர்களில் அதிகம். அந்தக் கதவைத் தயங்காமல் திறக்க இந்தப் பதில்கள் உதவ வேண்டும் என்பது என் விருப்பம்.

காஸ்ட்ரோபப் என்றால் என்ன? சாதாரண பப்பிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

பப் என்பது பப்ளிக் ஹவுஸ் என்பதன் சுருக்கம். யாரும் வந்து உட்காரக்கூடிய பொது வீடு என்று அதற்குப் பொருள் சொல்லலாம். பழைய பப்களில் குடிப்பதுதான் முதன்மை. சாப்பாடு என்றால் வறுத்த கடலை, சிப்ஸ் பாக்கெட், வினிகரில் ஊறவைத்த முட்டை, அதிகம் போனால் ஒரு சாண்ட்விச். காஸ்ட்ரோபப்பிலோ ஒரு நல்ல உணவகத்துக்குரிய சமையல் நடக்கும், ஆனால் இடம் பப்பாகவே இருக்கும். ஒரு மேசையில் நான்கு பேர் முழுச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருக்க, பக்கத்து மேசையில் ஒரு முதியவர் அரை பைன்ட் பீரையும் செய்தித்தாளையும் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். அவரை யாரும் எழச் சொல்லமாட்டார்கள். என்னைப் பொறுத்தவரை, அவருக்கு இடமில்லாத கடை எவ்வளவு நன்றாகச் சமைத்தாலும் காஸ்ட்ரோபப் ஆகாது.

நல்ல கடையை மெனுவை வைத்தே கண்டுபிடிக்கலாம். மெனு ஒரே பக்கத்தில் முடிந்து, மேலே அன்றைய தேதி போட்டிருந்தால் நம்பிப் போகலாம். ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஜூன் வரை உள்நாட்டு அஸ்பாரகஸ் தண்டும், ஆகஸ்ட் 12 தொடங்கி வேட்டைப் பறவையான கிரவுஸும் மெனுவில் வந்து போனால், பருவம் பார்த்துச் சமைக்கும் ஆட்கள் உள்ளே இருக்கிறார்கள் என்று பொருள்.

இந்த வகைக் கடை எப்படித் தோன்றியது?

இதற்குத் தெளிவான ஒரு தொடக்கம் உண்டு. லண்டன் கிளார்க்கன்வெல் பகுதியில், ஃபாரிங்டன் சாலையில் இருக்கும் தி ஈகிள் என்ற பப்பை 1991இல் மைக்கேல் பெல்பென், டேவிட் அயர் என்ற இருவர் எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். தனியாக ஓர் உணவகம் தொடங்கும் அளவுக்கு அவர்களிடம் பணம் இல்லை. கவனிப்பாரற்றுக் கிடந்த ஒரு பப்பின் குத்தகைதான் கைக்கு எட்டியது. மதுக் கவுண்டருக்குப் பின்னாலேயே அடுப்பை வைத்தார்கள், மெனுவைக் கரும்பலகையில் எழுதினார்கள், ஒன்றோடொன்று பொருந்தாத பழைய நாற்காலிகளைப் போட்டார்கள். அன்று மெனுவில் இடம்பிடித்த பீஃபே ஆனா என்ற போர்த்துகீசிய பாணி மாட்டிறைச்சி சாண்ட்விச் இன்றும் அந்தக் கடையின் அடையாளமாக இருக்கிறது. காஸ்ட்ரோபப் என்ற சொல்லே இந்தக் கடையை ஒட்டித்தான் புழக்கத்துக்கு வந்தது.

குத்தகை எப்படி எட்டும் விலைக்குக் கிடைத்தது என்பதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. அதுவரை ஆறு பெரிய பீர் நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான பப்களைத் தம் சொத்தாக வைத்திருந்து, தங்கள் பீரையே விற்க வேண்டும் என்று அவற்றைக் கட்டிப்போட்டிருந்தன. இந்தப் பிடியைத் தளர்த்த 1989இல் அரசு பீர் ஆணைகள் எனப்படும் விதிகளைக் கொண்டுவந்து, 2,000க்கு மேல் பப் வைத்திருக்கும் நிறுவனம் அந்த எண்ணிக்கையைத் தாண்டியவற்றில் பாதியையாவது விற்கவோ கட்டிலிருந்து விடுவிக்கவோ வேண்டும் என்றது. பெரிய நிறுவனங்கள் பப்களைக் கைவிடத் தொடங்கியதும், சமைக்கத் தெரிந்த ஆனால் முதலீடு இல்லாத இளைஞர்களுக்கு வழி திறந்தது. அந்த விதிகளால் பின்னர் பப்களை மொத்தமாக வாங்கிக் குவித்த வேறு நிறுவனங்கள் உருவாயின என்பதும் உண்மைதான். ஆனாலும் இன்று நாம் உட்கார்ந்து சாப்பிடும் இந்தக் கடைகள் அந்த இடைவெளியில் முளைத்தவை.

நான் மது அருந்துவதில்லை. போனால் என்னை எப்படிப் பார்ப்பார்கள்?

யாரும் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். இந்தத் தயக்கம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். தமிழ்நாட்டில் பார் என்றதும் டாஸ்மாக் கடையை ஒட்டிய இருட்டுக் கொட்டகைதான் நினைவுக்கு வருகிறது, பெண்களும் குழந்தைகளும் அந்தப் பக்கம் போவதில்லை. அந்த நினைவை இங்கே கொண்டுவர வேண்டாம். மதுரையிலிருந்து வந்திருந்த என் அம்மாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு பப்புக்கு அழைத்துப் போனபோது, வாசலில் செருப்பைக் கழற்றலாமா என்று கேட்கும் அளவுக்கு அவருக்குக் கூச்சம் இருந்தது. உள்ளே கணப்பு எரிந்துகொண்டிருந்தது, ஒரு கிழ நாய் அதன் முன்னால் படுத்திருந்தது, பக்கத்து மேசையில் ஒரு பாட்டி பேரனுக்கு உருளைக்கிழங்கை நசுக்கி ஊட்டிக்கொண்டிருந்தார். அம்மா அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “இது நம்ம வீட்டுத் திண்ணை மாதிரில்ல இருக்கு” என்றார். அதற்குப் பிறகு ஊர் திரும்பும்வரை ஒவ்வொரு ஞாயிறும் அவரே நினைவுபடுத்தினார்.

குடிக்க என்ன கேட்கலாம் என்றால், எலுமிச்சைச் சாறும் சோடாவும் கலந்த லைம் சோடா எல்லா இடத்திலும் கிடைக்கும், விலையும் குறைவு. மது நீக்கிய பீர் வகைகளும் இப்போது பரவலாகக் கிடைக்கின்றன, அவற்றில் மதுவின் சதவீதமாக 0.0 என்று எழுதியவையும் உண்டு, 0.5 என்று எழுதியவையும் உண்டு, துளியும் வேண்டாம் என்பவர்கள் எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். ஜிஞ்சர் பீர் பொதுவாக மது இல்லாத பானம், ஆனால் மது உள்ள ஜிஞ்சர் பீரும் இருக்கிறது, ஆகவே கேட்டு வாங்குங்கள். குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும் என்பது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2010 முதல் மது உரிமத்தின் நிபந்தனை.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

பகலில் பெரும்பாலான காஸ்ட்ரோபப்களில் தாராளமாக அழைத்துப் போகலாம். இரவு 8 அல்லது 9 மணிக்கு மேல் குழந்தைகள் இருக்கக் கூடாது என்று சில கடைகள் தாமாகவே விதி வைத்திருக்கும். மது வாங்கும் வயது 18. ஆனால் 25 வயதுக்குக் குறைவாகத் தெரிகிற யாரிடமும் அடையாள அட்டை கேட்பது இங்கே வழக்கம், அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாமல் பாஸ்போர்ட்டையோ ஓட்டுநர் உரிமத்தையோ கையோடு கொண்டுபோங்கள்.

உட்கார்ந்தால் யாரும் வந்து கேட்பதில்லையே, எப்படி ஆர்டர் செய்வது?

புதிதாக வருகிற எல்லோரும் இதில்தான் தடுமாறுகிறார்கள். நான் முதன்முறை போனபோது இருபது நிமிடம் மேசையில் காத்திருந்துவிட்டு, நம் நிறத்தைப் பார்த்துத்தான் யாரும் வரவில்லையோ என்ற வருத்தத்தோடு எழுந்து வந்துவிட்டேன். பப்பில் குடிபானத்தைக் கவுண்டருக்குப் போய் நாமே கேட்டு, பணம் கொடுத்து, நாமே எடுத்து வர வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. பல இடங்களில் சாப்பாட்டையும் கவுண்டரிலேயே சொல்ல வேண்டும். அப்போது உங்கள் மேசை எண்ணைக் கேட்பார்கள், அது மேசையின் மூலையில் பித்தளை வில்லையிலோ ஒரு மரத்துண்டிலோ எழுதியிருக்கும், எழும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கென்று தனி அறை உள்ள கடைகளில் மட்டும் பரிமாறுபவர் மேசைக்கு வந்து கேட்பார். எது என்று தெரியாவிட்டால், நுழைந்ததும் கவுண்டரில் இருப்பவரிடம் சாப்பிட வந்திருக்கிறோம் என்று சொன்னால் போதும்.

கவுண்டரில் வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வரிசை உண்டு. எல்லோரும் பக்கவாட்டில் பரவி நிற்பார்கள். யார் முன்னால் வந்தார் என்பதை நிற்பவர்களும் மனதில் வைத்திருப்பார்கள், ஊற்றுபவரும் வைத்திருப்பார். உங்களுக்கு முன் வந்தவரை விட்டுவிட்டு உங்களைக் கேட்டால், அவர் எனக்கு முன்னால் வந்தவர் என்று சொல்வது நல்ல பழக்கம். பணத்தை ஆட்டுவதும் விரலைச் சொடுக்குவதும் கூடாது.

எந்த நேரத்தில் போக வேண்டும்?

பப் நாள் முழுவதும் திறந்திருந்தாலும் அடுப்பு நாள் முழுவதும் எரியாது. மதியம் 12 மணியிலிருந்து சுமார் மூன்று மணி வரையும், மாலை ஆறு மணியிலிருந்து ஒன்பது ஒன்பதரை வரையும் சமையல் நடப்பது பொதுவான வழக்கம். ஞாயிறு மதியத்துக்கு முன்பதிவு கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அன்று மாலை பல இடங்களில் சமையலறையை மூடிவிடுவார்கள். கரும்பலகையில் உள்ள உணவு தீர்ந்தால் அழித்துவிடுவார்கள். நீங்கள் ஆசைப்பட்ட பெயர் உங்கள் கண் முன்னாலேயே ஈரத்துணியால் துடைக்கப்படுவதைப் பார்க்க நேரலாம், ஆகவே இரண்டாவது விருப்பத்தையும் யோசித்து வையுங்கள்.

பீர் அருந்துகிறவர்கள் எதைக் கேட்பது? ஏன் சில பீர்கள் வெதுவெதுப்பாக இருக்கின்றன?

கவுண்டரில் இரண்டு விதமான குழாய்கள் இருக்கும். சின்னக் கைப்பிடியை இழுத்ததும் குளிர்ந்து நுரைத்துக் கொட்டுவது லாகர் போன்ற வகை. நம் ஊரில் பழகிய பீர் அதுதான். முழங்கை நீளத்துக்கு நிற்கும் மரக் கைப்பிடியை இரண்டு மூன்று முறை பலமாக இழுத்து ஊற்றுவது காஸ்க் ஏல். இது நிலவறையில் உள்ள பீப்பாயிலேயே இரண்டாம் முறை நொதித்து, வெளியிலிருந்து வாயு ஏற்றப்படாமல், ஏறத்தாழ 11 முதல் 13 டிகிரி குளிர்ச்சியில் வருகிறது. அது சூடானது அல்ல, ஐஸ் போல் குளிர்விக்கப்படாதது, அவ்வளவே. நாக்கு மரத்துப்போகும் அளவுக்குக் குளிர்ந்த பானத்தில் முளைகட்டிய பார்லியான மால்ட்டின் இனிப்பும் ஹாப்ஸ் பூவின் கசப்பும் தெரியாது, இதில் தெரியும். பீப்பாயைத் திறந்த சில நாட்களுக்குள் விற்றாக வேண்டிய உயிருள்ள பொருள் என்பதால், நிலவறையைச் சுத்தமாகப் பராமரிக்கத் தெரிந்தவர் இருந்தால்தான் நன்றாக இருக்கும். இந்த வகை அழிந்துவிடாமல் காக்க 1971இல் காம்ரா என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள்.

தெரியாத பெயராக இருந்தால் சுவை பார்க்கக் கொஞ்சம் தாருங்கள் என்று கேளுங்கள். சின்னக் கண்ணாடிக் குவளையில் இரண்டு வாய் ஊற்றித் தருவார்கள். கைப்பிடியில் உள்ள பெயர்வில்லை பின்பக்கம் திருப்பப்பட்டிருந்தால் அந்தப் பீர் தீர்ந்துவிட்டது அல்லது இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம். ஒரு பைன்ட் 568 மில்லி. அது அதிகம் என்றால் அரை பைன்ட் கேட்கலாம், தர மறுக்க முடியாது. வைனிலும் 125 மில்லி என்ற சின்ன அளவு இருக்க வேண்டும் என்பது சட்டம், ஆனால் சொல்லாவிட்டால் பெரிய அளவையே ஊற்றிவிடுவது உண்டு.

நான் சைவம். எதை நம்பிச் சாப்பிடலாம்?

நிறையச் சாப்பிடலாம், ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். இங்கே வெஜிடேரியன் என்றால் முட்டை உண்டு என்று பொருள். பாலும் முட்டையும் இல்லாதது வேகன். மெனுவில் வி என்ற எழுத்து எதைக் குறிக்கிறது என்பது கடைக்குக் கடை மாறுவதால், கீழே உள்ள சிறிய எழுத்தைப் படித்துவிடுங்கள்.

பார்வைக்குச் சைவமாகத் தெரிந்து, உள்ளே அப்படி இல்லாதவை சில உண்டு. ஓவனில் சுட்ட இறைச்சித் தட்டான ரோஸ்ட்டின் மேல் ஊற்றும் கிரேவி பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில் செய்வது. சைவக் கிரேவி தனியாக இருக்கிறதா என்று கேட்க வேண்டும். வறுத்த உருளைக்கிழங்கைச் சில சமையலறைகளில் வாத்துக் கொழுப்பிலும், இங்கே சிப்ஸ் எனப்படும் நீளமான உருளைக்கிழங்குத் துண்டுகளை மாட்டுக் கொழுப்பிலும் பொரிப்பார்கள், மாட்டுக் கொழுப்பில் பொரிப்பது வட இங்கிலாந்தில் இன்னும் அதிகம். மாவுக்குள் பூரணம் வைத்துச் சுடும் பை, புட்டிங் வகைகள் சிலவற்றின் மாவில் சூயட் என்ற மாட்டுக் கொழுப்பு சேரும். பார்மசான் சீஸ் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட்டால் உறைய வைக்கப்படுவது. ரொட்டியின் மேல் உருக்கிய சீஸாக வரும் வெல்ஷ் ரேர்பிட்டில் வூஸ்டர் சாஸ் விடுவார்கள். அதில் நெத்திலி இனத்து மீன் இருக்கிறது. மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ் என்ற பொருளைப் போட்டுக் காஸ்க் ஏலைத் தெளிய வைப்பதும் பழைய முறை. பீரில் என்ன அசைவம் என்று நினைப்பவர்களுக்கு இது அதிர்ச்சியாகவே இருக்கும். இதைச் சேர்க்காமல் தயாரிப்பவர்களும் இப்போது இருக்கிறார்கள்.

கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். 14 வகை ஒவ்வாமைப் பொருள்கள் பற்றிய தகவலைச் சொல்வது கடையின் சட்டக் கடமை என்பதால், எதில் என்ன இருக்கிறது என்ற பட்டியல் சமையலறையில் இருக்கும். அம்மாவுக்காகக் கிரேவியைப் பற்றிக் கேட்டபோது, பரிமாறிய பெண் எனக்குத் தெரியாது, பார்த்து வருகிறேன் என்று உள்ளே போய், கிரேவித் தூள் டப்பாவையே கையில் எடுத்து வந்து பின்பக்க எழுத்தைக் காட்டினார். தெரியாததைத் தெரியும் என்று சொல்லாத அந்த ஒரு செயலுக்காகவே நாங்கள் அந்தக் கடையை விடவில்லை. ஹலால் பார்க்கிறவர்கள் இறைச்சியைப் பற்றி மட்டுமல்லாமல், சாஸில் வைனோ பீரோ சேர்ந்திருக்கிறதா என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஞாயிறு ரோஸ்ட் என்பது அப்படி என்ன விசேஷம்?

மாடு, ஆடு, பன்றி, கோழி இவற்றில் ஒன்றை ஓவனில் சுட்டு, வறுத்த உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ், யார்க்‌ஷயர் புட்டிங், கிரேவியோடு ஒரே தட்டில் தருவது ரோஸ்ட். யார்க்‌ஷயர் புட்டிங் இனிப்பு அல்ல. மைதா, முட்டை, பால் கரைத்த மாவைக் கொதிக்கும் கொழுப்பில் ஊற்றிப் பொங்க வைப்பது, நடுவில் குழிந்து கிண்ணம் போல் இருக்கும். அந்தக் குழியில் கிரேவியை நிரப்பி, முறுகலான விளிம்பை ஒடித்துத் தொட்டுச் சாப்பிட வேண்டும். சைவர்களுக்கு இறைச்சிக்குப் பதிலாக, கொட்டைகளை அரைத்துச் சுட்ட நட் ரோஸ்ட் கிடைக்கும்; அதன் தரம் கடைக்குக் கடை வெகுவாக மாறும். லண்டனில் பல இடங்களில் ஒரு ரோஸ்ட் தட்டு 20 பவுண்டைத் தாண்டிவிட்டது. காலையில் குறைவாகச் சாப்பிட்டுவிட்டுப் போனால் அந்தப் பணத்துக்குக் குறை இருக்காது.

பணம் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியது என்ன?

கவுண்டரில் வாங்கும் பானத்துக்கு டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை. மேசைக்கு வந்து பரிமாறினால் லண்டனில் பெரும்பாலும் 12.5 சதவீதம் சேவைக் கட்டணம் பில்லிலேயே சேர்ந்திருக்கும். விருப்பத்தின் பேரில் என்று எழுதியிருந்தால் அதை நீக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அக்டோபர் 2024 முதல் இந்தத் தொகையை நிறுவனம் பிடித்துக்கொள்ளாமல் ஊழியர்களுக்கே பகிர்ந்தளிக்க வேண்டும் என்று சட்டம் இருப்பதால், நான் நீக்கச் சொல்வதில்லை.

நண்பர்களோடு போனால் ஆளுக்கு ஆள் தனியாக வாங்காமல், ஒருவர் மாற்றி ஒருவர் மொத்தக் கூட்டத்துக்கும் வாங்குவது ரவுண்ட் எனப்படும். ஒருவர் வாங்கியதைக் குடித்துவிட்டு, தன் முறை வரும் முன் கிளம்புவது நம் ஊரில் மொய் எழுதாமல் பந்தியில் உட்கார்ந்ததற்குச் சமம். நீங்கள் லைம் சோடா மட்டும் குடிக்கிறவர் என்றால், நான் ரவுண்டில் சேரவில்லை, எனக்கு நானே வாங்கிக்கொள்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடலாம். யாரும் தவறாக நினைப்பதில்லை.

நம் ஊர்ச் சாப்பாடு கிடைக்கும் பப் இருக்கிறதா?

இருக்கிறது, அதற்குப் பின்னால் மறக்கக் கூடாத ஒரு வரலாறும் இருக்கிறது. 1960களில் பர்மிங்காமை ஒட்டிய ஸ்மெதிக் போன்ற ஊர்களில், இரும்பு வார்ப்பு ஆலைகளில் வேலைக்கு வந்த பஞ்சாபியர்களையும் கரீபியர்களையும் சில பப்கள் உள்ளே விடவில்லை, அல்லது வெள்ளையர்களோடு ஒரே அறையில் உட்கார விடவில்லை. இந்தியத் தொழிலாளர் சங்கத்தினர் அந்தப் பப்களுக்குள் போய் அமர்ந்து எதிர்த்தார்கள். 1965 பிப்ரவரியில், தாம் கொல்லப்படுவதற்கு ஒன்பது நாட்களுக்கு முன், அமெரிக்கக் கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸ் ஸ்மெதிக்குக்கு வந்து அந்த நிலையை நேரில் பார்த்தார். அந்த ஆண்டின் இறுதியில் இன உறவுகள் சட்டம் பொது இடங்களில் பாகுபாட்டைத் தடை செய்தது. நம்மவர்களை உள்ளே விடாத பப்களின் இடத்தில் பிற்காலத்தில் நம் துணைக்கண்டத்து மக்களே பப்களை எடுத்து நடத்தி, பீரோடு கரியடுப்பில் சுட்ட கறியையும் கொடுக்கத் தொடங்கினார்கள். இன்று தேசி பப் என்ற பெயரில் அறியப்படுபவை அவைதான்.

அந்த வரிசையில் தமிழ்ப் பெயரோடும் கடைகள் வந்துவிட்டன. லண்டன் இஸ்லிங்டனில் ஒரு பழைய பப் கட்டடத்தில் 2022இல் தி தமிழ் பிரின்ஸ் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஏஞ்சல் பகுதியில் அதே குழுவினர் தி தமிழ் கிரவுன் தொடங்கினார்கள். பொரித்த வெண்டைக்காயையும் பலூன் போல் உப்பிய பட்டூராவையும் ஆங்கிலேயர்கள் பைன்ட்டோடு வைத்துச் சாப்பிடுவதைப் பார்க்கும்போது, தமிழ் என்ற சொல் ஒரு பப்பின் பெயர்ப்பலகையில் தொங்குவது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது. வார இறுதியில் முன்பதிவு இல்லாமல் போக வேண்டாம்.

எப்போது கிளம்ப வேண்டும்? காரில் போகலாமா?

குடித்தால் கார் வேண்டாம். இங்கிலாந்தில் 100 மில்லி இரத்தத்துக்கு 80 மில்லிகிராம் ஆல்கஹால் வரை சட்டம் அனுமதிக்கிறது என்பதை வைத்து ஒரு பைன்ட் குடிக்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. ஆளுக்கு ஆள், பீருக்குப் பீர் அளவு மாறும் என்பதால் அந்தக் கணக்கு பொய்த்துப்போகும். ஸ்காட்லாந்தில் வரம்பு 50 மட்டுமே. காஸ்ட்ரோபப் உங்கள் தெருவிலேயே இருப்பதன் பயனே நடந்து வீடு போய்ச் சேரலாம் என்பதுதான்.

பல பப்களில் இரவு பதினொரு மணியை ஒட்டி, கவுண்டரில் தொங்கும் மணியை ஒருமுறை அடிப்பார்கள். கடைசியாக வாங்குவதென்றால் இப்போது வாங்குங்கள் என்று அர்த்தம். இரண்டாம் முறை அடித்தால் விற்பனை முடிந்தது, கையில் உள்ளதைக் குடித்து முடிக்கச் சற்று நேரம் கொடுப்பார்கள். எழும்போது உங்கள் மேசையின் காலிக் குவளைகளைக் கொண்டுபோய்க் கவுண்டரில் வைத்துவிட்டு நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். அடுத்த முறை நுழையும்போது உங்கள் முகம் அவர்களுக்கு நினைவிருக்கும்.